4294967297: ஒரு பெரிய எண்ணைக் கையால் பிரித்துப் பார்க்கும் வழி

பத்து இலக்கத்தில் ஓர் எண்ணைக் கொடுத்து இதன் குணங்களைச் சொல் என்றால், பலரும் அதை இணையத்தில் இருக்கும் ஏதாவதொரு காரணிக் கருவியில் போட்டுவிடுவார்கள். அரை நொடியில் விடை வந்துவிடும். அந்த விடை ஏன் அப்படி வந்தது, வேறு எண்ணுக்கு என்ன செய்வது என்பது மட்டும் தெரியாமலே போகும். இந்தக் கட்டுரை ஒரே ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, தாளும் பேனாவும் ஒரு சாதாரண கால்குலேட்டரும் மட்டும் வைத்து அதை முழுக்கப் பிரித்துப் பார்க்கிறது. எடுத்துக்கொள்ளும் எண் 4294967297. பள்ளிக் கணக்கில் வகுத்தல், மீதி, அடுக்கு ஆகியவை தெரிந்திருந்தால் போதும்.

படி 1: எண்ணை நிதானமாக வாசியுங்கள்

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. ஒற்றைப்படை எண், கடைசி இலக்கம் 7. எனவே 2, 5 இரண்டாலும் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 59 வருகிறது. அதை 3ஆல் வகுத்தால் மீதி 2. அதனால் 3, 9 இரண்டும் போயிற்று.

7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 7 × 11 × 13 = 1001. அதாவது இந்த மூன்றில் எதால் வகுத்தாலும் 1000 என்பது −1 போலவே நடந்துகொள்ளும். எனவே எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் போதும்: 297 − 967 + 294 − 4 = −380. 380ஐ 7 வகுக்காது, 11 வகுக்காது, 13 வகுக்காது. மூன்றும் கழிந்தன. இந்த ஒரு வித்தையை மட்டும் மனப்பாடம் செய்து வையுங்கள், எந்தப் பெரிய எண்ணிலும் கைகொடுக்கும்.

படி 2: எவ்வளவு தூரம் தேட வேண்டும்?

ஓர் எண் பகு எண்ணாக இருந்தால், அதன் பகாக் காரணிகளில் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 65536 × 65536 = 4294967296. நம் எண்ணுக்கு ஒன்று குறைவு! ஆகவே தேட வேண்டிய எல்லை 65536. அதுவரை 6542 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனால் வேலை முடியும்தான், ஆனால் மனிதர் செய்யக்கூடிய வேலை இல்லை அது.

இங்கே நின்று, இப்போது கண்ணில் பட்டதைக் கவனியுங்கள். நம் எண் ஒரு வர்க்கத்துக்கு அடுத்த எண். அந்த வர்க்கமும் சாதாரண வர்க்கம் இல்லை. 65536 என்பது 2¹⁶. ஆக நம் எண் 2³² + 1. புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகிற இடம் இதுதான். பெரிய எண் கையில் வந்தால் உடனே வகுக்க இறங்காதீர்கள். அது எப்படிக் கட்டப்பட்டது என்று முதலில் பாருங்கள். ஏதோ ஓர் அடுக்குக்குப் பக்கத்தில் இருக்கிறதா, வர்க்கத்துக்குப் பக்கத்திலா, தொடர் பெருக்கலா? அமைப்பு தெரிந்துவிட்டால் 6542 வகுத்தல் எத்தனையாகச் சுருங்குகிறது என்று அடுத்த படியில் பார்க்கலாம்.

படி 3: காரணி எந்த உருவில் இருக்க முடியும்?

இந்தப் படிக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

ப என்ற பகா எண் நம் எண்ணை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³² + 1ஐ ப-வால் வகுத்தால் மீதி 0. எனவே 2³²இன் மீதி −1. (ப-வால் வகுக்கும்போது −1 என்பதும் ப − 1 என்பதும் ஒன்றுதான், −1 என்று எழுதினால் கணக்கு சுலபம்.) இதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴இன் மீதி 1.

2, 4, 8, 16 என்று 2இன் அடுக்குகளை ப-வால் வகுத்து மீதிகளை எழுதிக்கொண்டே போனால் அவை ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்ப வரும். மீதி முதன்முதலில் 1 ஆகும் இடம்தான் சுற்றின் நீளம். 64ஆம் அடுக்கில் 1 வருவதால் சுற்றின் நீளம் 64ஐ வகுக்க வேண்டும்: 1, 2, 4, 8, 16, 32, 64 இவற்றில் ஒன்று. ஆனால் 32ஆம் அடுக்கில் −1தான் வருகிறது, 1 இல்லை. சுற்றின் நீளம் 32 அல்லது அதற்குக் கீழே இருந்திருந்தால் அங்கேயும் 1 வந்திருக்க வேண்டும். ஆக நீளம் சரியாக 64.

இன்னொரு பக்கம், ஃபெர்மாவின் சிறிய தேற்றம் 2இன் (ப − 1)ஆம் அடுக்கிலும் மீதி 1 என்கிறது. அப்படியானால் ப − 1 என்பது 64இன் மடங்கு. முடிந்தது. நம் எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 64இன் மடங்கோடு 1 கூட்டிய எண்ணாகத்தான் இருக்க முடியும்.

65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641... இந்த வரிசையில் பகா எண்களை மட்டும் பொறுக்கினால் 193, 257, 449, 577, 641. 19ஆம் நூற்றாண்டில் எடுவார் லூக்கா இதை இன்னும் இறுக்கினார்: 64 போதாது, 128இன் மடங்கோடு 1 கூட்டிய எண்ணாகவே இருக்க வேண்டும். அதற்கான நிறுவலை இங்கே தரவில்லை, விளைவை எடுத்துக்கொள்வோம். இப்போது வரிசை 129, 257, 385, 513, 641 என்று ஆகிறது. இதில் பகா எண்கள் 257உம் 641உம் மட்டுமே.

படி 4: பெரிய அடுக்கை வகுக்காமல் மீதி காணுதல்

2³²ஐ முழுக்க எழுதி வகுக்க வேண்டிய அவசியமே இல்லை. வர்க்கப்படுத்து, மீதியை எடு, மறுபடி வர்க்கப்படுத்து. இதுதான் முறை.

257க்கு: 2⁸ = 256, அதாவது மீதி −1. வர்க்கப்படுத்தினால் 2¹⁶க்கு 1, 2³²க்கும் 1. ஒன்று கூட்டினால் 2. வகுபடவில்லை.

641க்கு: 2⁸ = 256. 2¹⁶ = 65536 = 641 × 102 + 154, எனவே மீதி 154. 154 × 154 = 23716. 641 × 37 = 23717. ஆக 2³²இன் மீதி −1. ஒன்று கூட்டினால் 0.

வகுபடுகிறது! 6542 பகா எண்களைச் சோதிக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது முயற்சியிலேயே காரணி கிடைத்துவிட்டது. வகுத்துப் பார்த்தால்

4294967297 = 641 × 6700417.

இந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 3, 5, 17, 257, 65537 என்ற ஐந்தும் 2இன் அடுக்கோடு 1 கூட்டியவை. அடுக்குகள் முறையே 1, 2, 4, 8, 16. ஐந்துமே பகா எண்கள். 1640இல் ஃபெர்மா, இந்த வரிசையில் வருவது எல்லாமே பகா எண்ணாக இருக்கும் என்று நம்பினார், நிறுவல் தன்னிடம் இல்லை என்றும் ஒத்துக்கொண்டார். ஆறாவதாக வருவதுதான் நம் எண். 1732இல் ஆய்லர் 641ஐக் காட்டி அந்த நம்பிக்கையை முடித்துவைத்தார். அதற்குப் பிறகு இந்த வரிசையில் புதிதாக ஒரு பகா எண்கூட யாருக்கும் கிடைக்கவில்லை. 1804இல் பிறந்த செரா கோல்பர்ன் என்ற மனக்கணக்குச் சிறுவன் இதே எண்ணைத் தலைக்குள்ளேயே பிரித்துச் சொன்னதாகவும் ஒரு பதிவு உண்டு. எப்படிச் செய்தான் என்று கேட்டால் அவனாலேயே விளக்க முடிந்திருக்காது என்பது என் எண்ணம்.

641 ஏன் வகுக்கிறது என்பதற்கு இரண்டு வரியில் ஓர் அழகான காரணமும் இருக்கிறது. 641 = 5 × 2⁷ + 1. அதே சமயம் 641 = 5⁴ + 2⁴. முதலாவதிலிருந்து 5 × 2⁷இன் மீதி −1, நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாவதிலிருந்து 5⁴க்குப் பதில் −2⁴ போடலாம். போட்டால் −2³²இன் மீதி 1. வேலை முடிந்தது, ஒரு வகுத்தல்கூடச் செய்யவில்லை.

படி 5: மிச்சமிருக்கும் காரணி பகா எண்தானா?

பலர் இங்கே அவசரப்பட்டு நிறுத்திவிடுவார்கள். 6700417ஐ இன்னும் உடைக்க முடியுமா என்று பார்க்காமல் காரணிப்படுத்தல் முழுமையாகாது.

இதன் வர்க்கமூலம் 2588க்குச் சற்று மேல். சாதாரணமாக அதுவரை உள்ள எல்லாப் பகா எண்களையும் சோதிக்க வேண்டும். ஆனால் 6700417ஐ வகுக்கும் எதுவும் நம் மூல எண்ணையும் வகுக்கும், அதனால் அதே 128 கட்டுப்பாடு இங்கேயும் செல்லும். 2588 வரை அந்த உருவில் உள்ள பகா எண்கள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. வகுத்தால் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் பூச்சியம் இல்லை. ஆக 6700417 பகா எண். ஏழு இலக்க எண் ஒன்று பகா எண்தான் என்பதற்கு ஐந்து வகுத்தலில் முழுமையான நிறுவல்!

படி 6: காரணி கிடைத்ததும் வரும் அறுவடை

இங்கிருந்து சில குணங்கள் கணக்கே இல்லாமல் கிடைக்கும். வகுஎண்கள் நான்கு: 1, 641, 6700417, எண் தானே. அவற்றின் கூட்டுத்தொகை 642 × 6700418 = 4301668356. எண்ணை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கூட்டினால் 6701059தான், எண்ணின் அறுநூறில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவு. எனவே இது குறை எண், அதாவது தன்னை விட்டுவிட்டு மற்ற வகுஎண்களைக் கூட்டினால் தன்னைவிடக் குறைவாக வரும் எண். 1 முதல் இந்த எண் வரை இதோடு பொதுக்காரணி இல்லாத எண்கள் 640 × 6700416 = 4288266240.

இந்த வரிகளைத்தான் கருவிகள் பட்டியலாகக் காட்டும். உண்மையில் இவை சுவையில் கடைசி வரிசை.

படி 7: இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை

நம் எண் 65536² + 1² என்று ஏற்கெனவே தெரியும். வேறு விதமாகவும் எழுத முடியுமா? 4ஆல் வகுத்தால் மீதி 1 தரும் எந்தப் பகா எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு விதத்தில் எழுதலாம். நம் காரணிகள் இரண்டும் அந்த வகைதான்:

641 = 25² + 4²
6700417 = 2556² + 409²

இப்படி இரண்டு எண்களைப் பெருக்கினால் விடையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக வரும் என்பது பிரம்மகுப்தர் பெயரால் வழங்கும் முற்றொருமை. குறுக்கே பெருக்குங்கள்: 25 × 2556 = 63900, 4 × 409 = 1636, 25 × 409 = 10225, 4 × 2556 = 10224. முதல் இரண்டைக் கூட்டி, அடுத்த இரண்டைக் கழித்தால் 65536, 1. நமக்குத் தெரிந்ததே. மாற்றிச் செய்தால் 62264, 20449. ஆக

4294967297 = 62264² + 20449²

20449 என்பதும் 143இன் வர்க்கம். இது வெறும் தற்செயலாகவே எனக்குப் படுகிறது, ஆனாலும் பார்க்க நன்றாக இருக்கிறது.

இதைத் தலைகீழாகவும் ஓட்டலாம். ஓர் எண்ணை இரண்டு வர்க்கங்களாக இரண்டு விதத்தில் எழுத முடிந்தால் அது நிச்சயம் பகு எண், காரணிகளும் அதிலிருந்தே விழும். 65536 − 62264 = 3272. 20449 − 1 = 20448. இரண்டுக்கும் மீப்பெரு பொதுக்காரணி 8. அதால் வகுத்தால் 409, 2556. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டிப் பாருங்கள், 6700417 வந்து நிற்கும். ஆய்லர் கையாண்ட முறை இது. பெரிய காரணி இப்படி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கும்போது கிடைக்கும் திருப்திக்காகவே ஒரு முறை கையால் செய்து பார்க்கலாம்.

கணினியில் சோதிக்கும்போது ஜாக்கிரதை

இரும எண் முறையில் நம் எண் 33 இலக்கம்: ஒரு 1, பிறகு 31 பூச்சியங்கள், கடைசியில் ஒரு 1. முன்னும் பின்னும் ஒரே மாதிரி வாசிக்கலாம். குறியில்லாத 32 பிட் இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் 4294967295. அதைத் தாண்டினால் மறுபடி 0இலிருந்து ஆரம்பிக்கும். ஆக நம் எண்ணை அப்படி ஓர் இடத்தில் போட்டால் அது சத்தமில்லாமல் 1 ஆகிவிடும். 1ஐ எதால் வகுத்தாலும் காரணி கிடைக்காது! நிரல் எழுதுபவர்கள் 64 பிட் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் இந்தத் தொல்லை கிடையாது. விரிதாள்களில் 15 இலக்கம் வரை நம்பலாம், அதற்கு மேல் கடைசி இலக்கங்கள் பொய் சொல்லும். எனவே நம் எண்ணை வைக்கலாம், அதன் வர்க்கத்தை வைக்கக் கூடாது.

இன்னொரு பொறி இதைவிட நுட்பமானது. ஓர் எண் பகா எண்ணா என்று சீக்கிரம் பார்க்க, 2ஐ (எண் − 1) அடுக்குக்கு உயர்த்தி, எண்ணால் வகுத்து, மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது வழக்கம். நம் எண் இந்தச் சோதனையில் ஜெயித்துவிடும்! காரணம் படி 3இலேயே இருக்கிறது. 2இன் சுற்று 64 நீளம், எண் − 1 என்பது 2³², அதை 64 வகுக்கிறது. எனவே மீதி 1 வந்தே தீரும். 641 உள்ளே உட்கார்ந்திருக்க, சோதனை மட்டும் பகா எண் மாதிரி இருக்கிறது என்று சொல்லும். 2க்குப் பதில் 3ஐப் போட்டால் சாயம் வெளுத்துவிடும்: மீதி 3029026160. ஒரே ஓர் அடிமானத்தை நம்பிப் பகா எண் என்று முடிவு கட்டாதீர்கள்.

பக்கத்து எண்களையும் எட்டிப் பாருங்கள்

ஒன்று குறைத்தால் 2³². ஐபி முகவரிகளின் நான்காம் பதிப்பில் இருக்கக்கூடிய முகவரிகளின் எண்ணிக்கை அதுதான். ஒன்று கூட்டினால் 2 × 3 × 715827883, கடைசியில் உள்ளது பகா எண்.

இரண்டு குறைத்தால்தான் விஷயம் சூடு பிடிக்கிறது:

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537

ஃபெர்மாவின் அந்த ஐந்து பகா எண்களும் வரிசையாக வந்து நிற்கின்றன. இது தற்செயல் இல்லை. 2³² − 1 = (2¹⁶ + 1)(2¹⁶ − 1), பிறகு 2¹⁶ − 1 = (2⁸ + 1)(2⁸ − 1) என்று உடைத்துக்கொண்டே போனால் அப்படித்தான் வரும். இதிலிருந்து ஒரு லாபமும் கிடைக்கிறது. 257 இந்த எண்ணை வகுக்கிறது. இதற்கு இரண்டு தள்ளியிருக்கும் நம் எண்ணையும் அது வகுத்தால் 2ஐயும் வகுக்க வேண்டும், முடியாது. அதாவது படி 4இல் 257ஐச் சோதித்ததே அநாவசியம். முதல் முயற்சியே 641ஆக இருந்திருக்கலாம்.

காம்பஸும் அளவுகோலும் மட்டும் வைத்து எந்த ஒழுங்குப் பலகோணங்களை வரையலாம் என்ற பழைய கேள்விக்கும் இந்த எண்தான் விடை தருகிறது. ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட பலகோணம் என்றால், பக்கங்களின் எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். தெரிந்தவை ஐந்துதான் என்பதால், வரைய முடியும் என்று இன்று தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். 4294967297 பக்கம் கொண்டதை வரைய முடியாது, 641 ஃபெர்மா பகா எண் இல்லையே. இரண்டே பக்கம்தான் வித்தியாசம்!

அடுத்து எதை எடுக்கலாம்?

இதே வரிசையில் அடுத்தது 2⁶⁴ + 1, அதாவது 18446744073709551617. இதன் காரணிகள் 256இன் மடங்கோடு 1 கூட்டியவை. விரிதாளில் முதல் நிரலில் 257, 513, 769 என்று இறக்குங்கள். அடுத்த நிரலில் 256ஐ வர்க்கப்படுத்தி முதல் நிரல் எண்ணால் வகுத்த மீதி, அப்புறம் அதன் வர்க்கத்தின் மீதி, இன்னொரு முறை அதன் வர்க்கத்தின் மீதி. மூன்று நிரலில் 2⁶⁴ வந்துவிடும். கடைசி மீதி முதல் நிரல் எண்ணைவிட சரியாக ஒன்று குறைவாக இருக்கும் வரியைத் தேடுங்கள். இங்கே வர்க்கங்கள் 11 இலக்கத்தைத் தாண்டாததால் விரிதாளை நம்பலாம். 1071ஆவது வரியில் 274177 கிடைக்கும். மற்றொரு காரணி 67280421310721. இதை 1880இல் லாண்ட்ரி என்பவர் கண்டுபிடித்தார், தன் 82ஆம் வயதில், விரிதாள் இல்லாமல்.